செவென் மலையில் சாந்தில்லாத கல்சுவர்: இடுப்பளவு வந்தாயிற்று

தெற்கு பிரான்சின் செவென் மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் கிராமம். வீட்டுக்குப் பின்னால் இருந்த கல்சுவர் போன இலையுதிர்கால மழையில் வயிறு தள்ளிச் சரிந்துவிட்டது. சிமென்ட் போட்டுவிடு என்றார்கள் சிலர். எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டுக் கேட்டு, பழைய முறையிலேயே சாந்தில்லாமல் கட்டிவருகிறேன்.

இந்த மலையில் சமதரை கிடைப்பது அரிது. சரிவை வெட்டிப் படிப்படியாக நிலம் எடுத்து, ஒவ்வொரு படிக்கும் கல்லால் கரை கட்டித்தான் பயிர் செய்தார்கள். இங்கே அதை 'பான்செல்' என்பார்கள். செஸ்ட்நட் என்ற கொட்டை மரம், அப்புறம் பட்டுப்புழுவுக்காக மல்பெரி என்று ஊரே இந்தப் படிகளை நம்பி வாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புழுக்களுக்கு நோய் வந்தது. அதை ஆராய விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1865இல் அலெஸ் நகருக்கே வந்தார். ஆனாலும் பட்டுத்தொழில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சனங்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் போக, சுவர்களைப் பார்க்க ஆளில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். சரிந்த கற்களை முதலில் பிரித்துப் போட்டேன்: கடைக்காலுக்குப் பெரியவை, முகப்புக்கு நேரான விளிம்புள்ளவை, மேலே மூட அகலமானவை, நிரப்பச் சில்லுகள். இங்கே கிடைப்பது சிஸ்ட் கல், தகடு தகடாக உரியும். ஓரத்தை லேசாகத் தட்டினால் போதும், ஓங்கி அடித்தால் பிளந்துவிடும்.

கடைக்காலை மலைப்பக்கம் சற்றுத் தாழ்வாக வெட்டி, ஒவ்வொரு கல்லையும் உள்சாய்வாக உட்காரவைக்க வேண்டும். உயர உயரச் சுவரும் மலைமேல் சாய வேண்டும் என்பதால், இரு முனையிலும் சாய்வாகக் குச்சி நட்டு நூல் கட்டியிருக்கிறேன். கல்லின் நீளம் உள்ளே போக வேண்டும். பார்வைக்கு நன்றாயிருக்கிறதே என்று நீளப்பக்கத்தை முகப்பில் காட்டினால், மண் தள்ளும்போது அந்தக் கல்தான் முதலில் வெளியே வரும். கீழ்வரியில் இரண்டு கல் சேரும் இடத்தை மேல்வரிக் கல் ஒன்று மூட வேண்டும். ஆடுகிற கல்லுக்குப் பின்பக்கமிருந்துதான் சில்லு கொடுக்க வேண்டும். முன்னால் செருகியது நாளடைவில் உதிர்ந்துவிடும்.

முகப்பைவிடப் பின்புறம்தான் அதிக நேரம் வாங்குகிறது. மண்ணை அப்படியே தள்ளக் கூடாது. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே சில்லுக்கல்லை இறுக்கி நிரப்ப வேண்டும். மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று இந்த மலையில் மோதும்போது ஒரே நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல்கூட மழை கொட்டும். அந்தத் தண்ணீர் கல் இடுக்கு வழியே வடிந்துவிடுவதால்தான் சுவர் நிற்கிறது. வடிகால் விடாமல் சிமென்டால் அடைத்துவிட்டால் தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரையே தள்ளும்.

2018இல் பிரான்ஸ் உட்பட 8 நாடுகளின் இந்தக் கட்டுமானக் கலையை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆனால் சுவரைத் தூக்கி நிறுத்த, கல் வைக்கத் தெரிந்த ஆட்கள் ஊரில் வேண்டும்.

இன்னும் சில வரிகளும் மூடுகல்லும் பாக்கி. மேலே வைப்பவை கனமாக, ஒன்றையொன்று நெருக்கி உட்கார வேண்டும். அகலக் கற்கள் போதவில்லை, கீழ்ப் படியில் புதருக்குள் கிடக்கும் பழைய குவியலைக் கிளற வேண்டும். அக்டோபர் மழைக்குள் முடித்துவிட்டால், வசந்தத்தில் இந்தப் படியில் செவென் இனிப்பு வெங்காயம் நடலாம்.