போகாமலே திரும்பி வந்தவள்: இந்தியப் பொலிஸ் கிளியரன்ஸ் எடுத்த கதை

ஒரே ஒரு கடதாசி, என்னில குற்றப் பதிவு ஒண்டும் இல்லை எண்டு இந்தியப் பொலிஸ் தாறது. அதை எடுக்க எனக்கு எட்டு மாசம் போச்சு. தமிழ்நாட்டு அகதி முகாமில இருந்து திரும்பி வந்து இப்ப வெளிநாட்டுக்கு ஸ்பொன்சர் போடுற ஆக்கள் எங்கட பக்கம் கன பேர் இருக்கினம், அவையில ஒருத்தருக்காவது என்னைப்போல அலையாமல் வேலை முடியட்டும் எண்டுதான் இதை எழுதுறன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல என்ர கதை. 2006 ஆடி மாசம், ஏ9 பாதை பூட்டுறதுக்குக் கொஞ்சம் முந்தி, அம்மாவும் நானும் தம்பியும் வடமராட்சியில இருந்து மன்னாருக்குப் போய், பேசாலையில தெரிஞ்ச வீடு ஒண்டில ரெண்டு கிழமை நிண்டு, அங்கயிருந்து ராவோட ராவா படகு ஏறினனாங்கள். தனுஷ்கோடிக்குக் கிட்ட ஒரு மணல் திட்டியில இறக்கிவிட்டிட்டு ஓட்டி திரும்பிட்டான். பிறகு மண்டபம் முகாம், அங்கயிருந்து வேற ஒரு மாவட்டத்து முகாம். பன்னிரண்டு வருசம். 2018ல யூஎன்எச்சிஆர் (ஐநா அகதிகள் அமைப்பு) மூலம் பிளேனில திரும்பி வந்தனாங்கள். போகேக்க எனக்கு பதினாறு வயசு இன்னும் முடியேல்ல, வரேக்க இருபத்தேழு.

இப்ப என்ர மனுசன் கனடாவில. ஸ்பொன்சர் ஃபைலுக்கு கடந்த 10 வருசத்தில ஆறு மாசத்துக்கு மேல தொடர்ந்து இருந்த ஒவ்வொரு நாட்டிலயும் பொலிஸ் சேர்ட்டிபிக்கற் வேணும். 2025 தையில கணக்குப் பார்த்தா 2018 வரைக்கும் இந்தியா. அப்ப ரெண்டு கிளியரன்ஸ், ஒண்டு இலங்கை, மற்றது இந்தியா.

நான் விட்ட முதல் பிழையை இப்பவே சொல்லிப்போடுறன். இலங்கைக் கடதாசி சுகம் எண்டு அதை முதல்ல எடுத்தனான். எடுக்கக் கூடாது. இப்ப இருக்கிற நாட்டுச் சேர்ட்டிபிக்கற், ஃபைல் போடுற நாளில இருந்து ஆறு மாசத்துக்கு உள்ள எடுத்ததா இருக்கவேணும். விட்டிட்டு வந்த நாட்டில எண்டால், அங்கயிருந்து வந்த பிறகு எடுத்ததா இருந்தால் போதும், திரும்ப அங்க போய் இருக்காதவரைக்கும் அது பழசாகாது. அதால இந்தியாவை முதல் தொடங்குங்கோ, அது கைக்கு வந்த பிறகு இலங்கையைப் போடுங்கோ. நான் தலைகீழாச் செய்து ரெண்டு தரம் காசு கட்டினனான்.

இலங்கைக் கடதாசி பெரிய வில்லங்கம் இல்லை. ஒன்லைனில போட்டு, பாஸ்போட்டும் அடையாள அட்டையும் ஸ்கான் பண்ணி ஏத்தி, பாங்க் கார்டில காசு கட்டினால், அது கொழும்புக்குப் போய் அங்கயிருந்து எங்கட பொலிஸ் ஸ்டேசனுக்கு வருது. விதானையாரிட்டயும் (கிராம சேவகர்) விசாரிச்சினம். தமிழ் கதைக்கிற கொன்ஸ்ரபிள் ஒருத்தர் வீட்டுக்கு வந்து முற்றத்தில கதிரை போட்டு இருந்து கேட்டவர், "2018க்கு முதல் எங்க தங்கச்சி இருந்தனீங்கள்?" இந்தியாவில, முகாமில எண்டன். "போன திகதி?" எண்டார். படகில போனனாங்கள் சேர் எண்டு சொல்ல எனக்கு நாக்கு வரேல்ல. அவருக்கு விளங்கிட்டுது. சிரிச்சுக்கொண்டு சிங்களத்தில ஏதோ எழுதினார், அம்மா குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிட்டார்.

ஆனா யோசிச்சுப் பாருங்கோ, குடிவரவுக் கணக்கில நான் நாட்டுக்குள்ள வந்தது மட்டும்தான் இருக்கு, வெளிய போனது இல்லை. போகாமலே திரும்பி வந்தவள். நான் இந்தியக் கடதாசிக்குக் காத்துக்கொண்டு இருக்கேக்கதான், 2025 மே மாசம், யூஎன்எச்சிஆர் உதவியோட திரும்பி வந்த வயசான ஐயா ஒருத்தரை, முந்திக் களவாய்ப் போனது எண்டு சொல்லி பலாலி எயார்ப்போட்டில பிடிச்சவை, எல்லாப் பேப்பரிலயும் வந்தது. அவரைப் பிறகு விட்டிட்டினம், உந்தச் சட்டத்தை இப்பிடிப் பாவிக்கிறது பிழை எண்டு பாராளுமன்ற ஆக்களும் கத்திச்சினம். எண்டாலும் அம்மா அண்டைக்குச் சாப்பிடேல்ல. "பேசாமல் இருந்திருக்கலாம், நீதான் போய் பேரைக் கிளறிவிட்டாய்" எண்டு எனக்குத்தான் பேச்சு.

சரி, இந்தியாக் கடதாசி. மாசி மாசம் யாழ்ப்பாணத்திலயே விண்ணப்பம் குடுத்தன், கொழும்புக்குப் போகத் தேவை வரேல்ல. ஃபோம், படம், பாஸ்போட் கொப்பி, அங்க இருந்த முகாமின்ர விலாசம், எந்தப் பொலிஸ் ஸ்டேசன் எல்லைக்குள்ள வருது எல்லாம் எழுதிக் குடுத்தாச்சு. அது இந்தியாவுக்குப் போய், மாநிலத்துக்குப் போய், மாவட்டப் பொலிசுக்குப் போய், அந்த ஸ்டேசனுக்குப் போய், அதே வழியால திரும்பி வரவேணும். நான் என்ன நினைச்சன் எண்டால், இஞ்ச பேரை அடிச்சால் அங்க திரையில வரும் எண்டு. அப்பிடி ஒண்டும் கிடையாது.

தெரிஞ்ச லோயர் அண்ணா ஒருத்தர் விளங்கப்படுத்தினவர். ரெண்டு நாட்டுக்கும் இடையில 2010 ஆனியில கையெழுத்தான ஒப்பந்தம் ஒண்டு இருக்காம், குற்ற வழக்குகளில ஒருத்தருக்கொருத்தர் சாட்சி, ஆவணம் எடுத்துக் குடுக்கிறதுக்கு. எங்கட பக்கம் அதுக்கு 2002லயே சட்டம் வந்திட்டுது. இன்ரபோல் வலைப்பின்னலும் இருக்கு, அவையின்ர கந்தோர் டெல்லியில சிபிஐயோட, இஞ்ச கொழும்பில. ஆனா அதெல்லாம் வழக்கு உள்ள ஆக்களுக்கு. "நீ கஞ்சா கடத்தியிருந்தால் உன்ர தகவல் கெதியா வந்திருக்கும், ஒண்டும் செய்யாத ஆளுக்குத்தான் கஷ்டம்" எண்டார். பகிடிக்குத்தான் சொன்னவர், ஆனா எனக்குச் சிரிப்பு வரேல்ல.

இதோட இன்னொண்டு. கனடாவுக்கு கைரேகை குடுக்கேக்க அந்தத் தகவல் எங்கெங்க போகும் எண்டு வாசிச்சுப் பார்த்தன். அமெரிக்கா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஐஞ்சும் சேர்ந்து கைரேகையை மெசினாலயே ஒப்பிட்டுப் பார்ப்பினமாம். பூமியின்ர ரெண்டு அந்தத்தில இருக்கிறவை. இஞ்ச தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில ஏறக்குறைய 30 கிலோமீற்றர், அதில ஒரு கடதாசி மாசக்கணக்கா மிதக்குது.

வைகாசிக் கடைசியில பதில் வந்தது. குறிப்பிட்ட பேரில, குறிப்பிட்ட பிறந்த திகதியில, குறிப்பிட்ட ஊரைச் சேர்ந்த ஆள் பதிவில இல்லை. பன்னிரண்டு வருசம் ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பேர் கூப்பிட கை தூக்கின என்னை, மாசாமாசம் பணக்கொடைக்கு வரிசையில நிண்ட என்னை, ரெஜிஸ்டரில காணேல்லையாம்.

ஆரிலயும் பிழை சொல்ல ஏலாது. பிழை எங்கட வீட்டிலதான். மண்டபத்தில வந்து இறங்கின அண்டு கியூ பிராஞ்ச் ஆக்கள், தமிழ்நாட்டுப் பொலிசின்ர உளவுப் பிரிவு, விசாரிச்சவை. ஒரு மேசை, ஒரு நீட்டுக் கொப்பி, மேல சுத்துற ஃபான் காத்துக்கு பக்கம் பிரளாமல் இருக்கிறதுக்கு ஒரு கல்லு வைச்சிருந்தது, அந்தக் கல்லு இப்பவும் என்ர கண்ணுக்குள்ள நிக்குது. "சொந்த ஊர் எது?" எண்டு கேட்க அம்மா கண்ணை வெட்டாமல் "பேசாலை" எண்டா. நான் அம்மாவைப் பார்க்க, அம்மா என்ர கையைக் கிள்ளினா. வடமராட்சி எண்டால் ஒரு கேள்விக்குப் பத்துக் கேள்வி வரும் எண்டு பயம். அதை விடப் பெரிய பயம், இந்தக் கொப்பியை கொழும்புக்கு அனுப்புவினம், அங்க இருந்து ஆமி போய் எங்கட அம்மம்மாவையும் மாமாவையும் கேள்வி கேட்கும் எண்டு. பிறந்த திகதி அவசரத்தில வருசம் மட்டும் சொல்லி, அவர் 1.1.1990 எண்டு எழுதிட்டார். உண்மையில நான் ஐப்பசி.

அப்ப அம்மா பயந்தது ரெண்டு அரசாங்கமும் தகவல் பரிமாறும் எண்டு. இப்ப நான் அழுதுகொண்டு நிண்டது அவை பரிமாறீனம் இல்லையே எண்டு. இதை அம்மாட்டச் சொன்னால் அடிதான் விழும்.

பேரிலயும் சிக்கல். எங்கட பாஸ்போட்டில அப்பாவின்ர பேர் முழுசா முன்னுக்கு, பிறகு வினோதினி, அதில 'தி'க்கு ரீ எச் (th). முகாம் கார்டில அப்பாவுக்கு ஒரே ஒரு இனிஷியல், அங்கத்தை வழக்கப்படி டீ எச் (dh). ஒரு எழுத்து மாறினாலும் கொம்பியூட்டருக்கு அது வேற ஆள்.

சித்தப்பா இன்னும் அந்த முகாமிலதான் இருக்கிறார், இப்ப மறுவாழ்வு முகாம் எண்டு 2021ல பேர் மாத்தியிருக்கினம். அவர்தான் ஸ்டேசனுக்கு நடந்தவர், ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, ஆறு ஏழு தரம், ஒவ்வொரு தரமும் பெயின்ரிங் வேலைக் கூலியை விட்டிட்டு. ஏழாந்தரம் அங்க இருந்த ஏட்டையா ஒருத்தர் மனமிரங்கி சித்தப்பாவின்ர போனிலயே வட்ஸ்அப் கோல் எடுத்தார்.

"என்னம்மா, சிவபாலன் பொண்ணு நீதானா? எந்த லைன்ல இருந்தீங்க?"

"தண்ணி டாங்குக்குப் பக்கத்து லைன் சேர், கடைசி வீடு."

"ஊரு பேசாலைன்னு இருக்கு, நீ வேற ஏதோ எழுதியிருக்க?"

"அம்மா அப்ப மாறிச் சொன்னவ சேர்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லியிருக்காங்க" எண்டார். பிறகு, "பேர்ல என்ன எழுத்து சொல்லு." நான் ரீ எச் எண்டன். "டீ ஹெச் தானேம்மா இங்கயும் இருக்கு?" இல்லை சேர், அது டீ, இது ரீ எண்டன். "அதான், டீ!" இப்பிடியே ரெண்டு பேரும் ஒரு அஞ்சு நிமிசம் தேத்தண்ணிக்கடை மாதிரி டீ டீ எண்டு கத்தி, கடைசியில நான் "உங்கட நாலாவது எழுத்து, எங்கட இருபதாவது எழுத்து சேர்" எண்டு சொல்லத்தான் அவருக்குப் பிடிபட்டது. வயிறு குலுங்கச் சிரிச்சார். நானும் சிரிச்சன், நாலு மாசத்துக்குப் பிறகு.

அவர்தான் வழி சொன்னவர். ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் எண்டு காட்ட வேணும். ஆனபடியால் நான் சேர்த்தது இவ்வளவும்: லோயர் ரைப் பண்ணி ஜேபிக்கு (சமாதான நீதவான்) முன்னால சத்தியம் செய்த சத்தியக்கடதாசி, ரெண்டு பேர், ரெண்டு ஊர், ரெண்டு பிறந்த திகதியையும் எழுதி ஏன் மாறினது எண்டும் ஒளிக்காமல் எழுதினது, பிறப்புச் சான்றிதழ் ஆங்கில மொழிபெயர்ப்போட, முகாம் குடும்பக் கார்டின்ர கொப்பி, வெளிய வரேக்க தந்த எக்சிற் பெர்மிற், சென்னையில இருக்கிற எங்கட துணைத் தூதரகம் வர்றதுக்குத் தந்த பயணப் பத்திரம். இந்தக் கடைசி ரெண்டும் இல்லாட்டி நான் இண்டைக்கும் நிண்டிருப்பன். ஏனெண்டால் முகாம் பேரும் இலங்கைப் பேரும் பக்கத்தில பக்கத்தில இருக்கிற கடதாசிகள் அவைதான். அம்மா அதுகளை ஒரு பழைய ஹோர்லிக்ஸ் டப்பாவுக்குள்ள சுருட்டி வைச்சிருந்தவ, ஓரம் கொஞ்சம் பூச்சி அரிச்சிருந்தது, நம்பர் தப்பிட்டுது. திரும்பி வந்த ஆக்கள் தயவுசெய்து அந்தத் துண்டுகளை எறிஞ்சு போடாதேங்கோ, ஸ்கான் பண்ணி மெயிலில போட்டு வையுங்கோ.

சத்தியக்கடதாசியில உண்மையை எழுதுறதா இல்லையா எண்டு வீட்டில பெரிய சண்டை. தம்பி, "கிளார்க் பிழையா எழுதினவர் எண்டு போடு, ஆர் கேட்கப் போறாங்கள்" எண்டான். லோயர் அண்ணா சம்மதிக்கேல்ல. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய் எழுதினால் நாளைக்குக் கனடாவில கேட்கேக்க என்ன சொல்லுவாய் எண்டார். உண்மையைத்தான் எழுதினன். அந்த வசனம் மூண்டு வரிதான், எழுத ரெண்டு நாள் எடுத்தது.

ஆடியில திரும்பக் குடுத்தன். ஒருவேளை கிடைக்காமலே போனால் எண்டு, எப்ப விண்ணப்பிச்சது, என்ன பதில் வந்தது எண்டு ஒவ்வொரு ரசீதும் சேர்த்து வைச்சனான். முயற்சி செய்தும் எடுக்க ஏலாமல் போனால் அதை விளக்கக் கடிதத்தோட ஆதாரமாப் போடலாம், கனடாக் காரர் அதைப் பார்ப்பினம். நல்லகாலம், தேவைப்படேல்ல. புரட்டாதி நடுவில கூப்பிட்டவை.

கடதாசியைக் கையில வாங்கிப் பார்க்க எனக்குச் சிரிப்பு. இலங்கைப் பேரை எழுதி, 'அலயஸ்' எண்டு போட்டு முகாம் பேர். பட்டப்பேர் வைச்ச ரவுடி மாதிரி. கீழ, பாதகமா ஒண்டும் பதிவில இல்லை எண்டு ஒரே ஒரு வரி. பிறகு இலங்கைக் கடதாசியைத் திரும்பப் போட்டன், மூண்டு கிழமையில வந்தது, அதே கொன்ஸ்ரபிள், இந்தமுறை தேத்தண்ணிக்குச் சீனி குறைக்கச் சொன்னவர். ஐப்பசியில ஃபைல் போட்டாச்சு.

இந்தியக் கடதாசியை வீட்டை கொண்டுவந்து அம்மாட்ட வாசிச்சுக் காட்டினன். ஆங்கிலம், அவவுக்கு விளங்காது. கண்ணாடியைப் போட்டு முத்திரையை மட்டும் கன நேரம் பார்த்தா.

"இதில எந்த ஊர் போட்டிருக்கு?"

"பேசாலைதான் அம்மா."

"ம்" எண்டிட்டு அதை வடிவா மடிச்சு ஹோர்லிக்ஸ் டப்பாவுக்குள்ள வைக்கப் போனா. அது ஒரிஜினல், மடிக்காதேங்கோ எண்டு பாய்ஞ்சு பறிச்சன்.