பனி வண்டிக்குப் பின்னால் பதின்மூன்று கிலோமீட்டர்

ஒஸ்லோவுக்குத் திரும்பி இரண்டு நாளாகிறது. மூக்கு நுனியில் உரிந்த தோல் இன்னும் ஆறவில்லை. சுற்றுலா நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதிலும் இன்னும் வரவில்லை. கோபமும் சந்தோஷமும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து தம்பி வந்திருந்தான். மூன்று வாரம் லீவு. "அக்கா, வடக்கே எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகணும்" என்றான். அப்படிக் கேட்டால் நோர்வேயில் எல்லோரும் சொல்லும் பெயர் நூர்காப். ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே, 71 டிகிரி 10 நிமிட அட்சத்தில், மாகெறோயா என்ற தீவின் விளிம்பில் 307 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பாறை. அதற்கு வடக்கே பாரன்ட்ஸ் கடல். அங்கிருந்து வட துருவம் சுமார் 2,100 கிலோமீட்டர்.

மார்ச் மாதம் போகிறோம் என்றதும் ஆபீசில் ஒருவர் சொன்னார்: "ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்." அவர் மட்டும் அதைச் சொல்லியிருக்காவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. நீங்கள் போனாலும் ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஒஸ்லோவிலிருந்து ஆல்டாவுக்கு விமானம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆல்டாவிலிருந்து ஹொன்னிங்ஸ்வோக் என்ற துறைமுக ஊருக்குப் பஸ். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வெளியே மைனஸ் பன்னிரண்டு, உள்ளே ஹீட்டர் முன்பக்கம் மட்டும்தான் வேலை செய்தது. நாங்கள் கடைசியிலிருந்து மூன்றாவது வரிசை. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே உறைபனி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால்தான் வெளியே பார்க்க முடிந்தது. சுரண்டிய ஓட்டை இரண்டு நிமிடத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். டிரைவரிடம் போய்ச் சொன்னேன். "முன்னாடி வந்து உட்காருங்கள்" என்றார். முன்னாடி இடமில்லை. அந்தப் பயணச்சீட்டுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. தம்பிக்கு எதைப் பார்த்தாலும் உடனே எட்டால் பெருக்கும் பழக்கம் வந்துவிட்டது (ஒரு நோர்வே குரோனுக்கு ஏறக்குறைய எட்டு ரூபாய் என்பது அவன் கணக்கு). அந்த நான்கு மணி நேரமும் அவன் வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் பெருக்கிக்கொண்டே வந்திருப்பான்.

ஆனால் பொர்சாங்கர் ஃபியோர்டின் கரையோரமாக ரோடு திரும்பியதும் அந்தச் சுரண்டிய ஓட்டை வழியாகப் பார்த்த காட்சியை மறக்கவே மாட்டேன். மலை முழுக்க வெள்ளை, ஒரு மரம் கிடையாது. கீழே கடல் மட்டும் கருநீலமாக, உறையாமல் அலையடித்துக்கொண்டிருக்கிறது. தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம்தான் காரணம். இதே அட்சத்தில் உலகின் வேறு இடங்களில் கடல் பாறையாக இறுகிக் கிடக்கும்போது, இங்கே நடுக் குளிர்காலத்திலும் படகுகள் மீன் பிடிக்கப் போகின்றன.

தீவுக்குள் நுழைவது கடலுக்கடியில் போகும் சுரங்கப்பாதை வழியாக. 6.87 கிலோமீட்டர் நீளம், கடல் மட்டத்துக்குக் கீழே 212 மீட்டர் ஆழம், 1999இல் திறந்தது. இறங்கும்போது காது அடைக்கும். அதற்கு முன்னால் எல்லாம் ஃபெர்ரிதான்.

ஹொன்னிங்ஸ்வோக்கில் இறங்கியபோது ஞாயிறு மாலை. தங்குமிடம் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. டாக்சி எடுத்தோம். 310 குரோன்! ஞாயிற்றுக்கிழமை ரேட், குறைந்தபட்சக் கட்டணம் என்று இறங்கும்போது விளக்கம் சொன்னார். ஏறும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார், அவ்வளவுதான். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், மூன்று கிலோமீட்டருக்கு! மறுநாள் முதல் எல்லா இடத்துக்கும் நடந்தே போனோம். வரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஏறுவதற்கு முன் தொகையைக் கேட்டுவிடுங்கள்.

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு செய்தி வந்தது: ரோடு மூடியாயிற்று, இன்றைய சுற்றுலா ரத்து.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹொன்னிங்ஸ்வோக்கிலிருந்து நூர்காப் 34 கிலோமீட்டர் இருக்கும். அதில் ஸ்கார்ஸ்வோக் என்ற மீனவக் கிராமத்துக்குப் பிரியும் முக்கு வரை வழக்கமாக யாரும் போகலாம். அதற்கப்புறம் கடைசி 13 கிலோமீட்டருக்குக் குளிர்காலத்தில் தடுப்புக் கட்டை போட்டுவிடுவார்கள். குறித்த நேரத்தில் பனி அள்ளும் வண்டி முன்னால் போக, பின்னால் எல்லா வண்டிகளும் வரிசையாகப் போக வேண்டும். நம்மூரில் மந்திரி கான்வாய் போவது போல, ஆனால் இங்கே முன்னால் போகிற மகாராஜா பனி வண்டி. நோர்வே மொழியில் இதற்குக் கொலோன்னே என்று பெயர். காற்று எல்லை மீறினால் அந்தக் கான்வாயும் கிடையாது. அன்றைக்குக் காற்று வினாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர்.

ரத்து செய்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் மறுநாளுக்கு மாற்றிக்கொள்ள ஆளுக்கு 150 குரோன் "மாற்றுக் கட்டணம்" கேட்டார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ரோடு மூடியது எங்கள் தப்பா? ஏற்கெனவே ஆளுக்கு 1,150 குரோன் கட்டியிருக்கிறோம். இன்னொரு ராத்திரி அறை வாடகை வேறு 1,300. வாதாடிப் பார்த்தேன். விதிமுறையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான். கட்டினோம். கடிதம் அனுப்பியிருக்கிறேன், விடப்போவதில்லை.

மீதிப் பொழுதுக்கு ஊரைச் சுற்றினோம். ஒரு வெள்ளை மரக் கோயில், 1885இல் கட்டிய தேவாலயம். 1944இல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது ஊரையே கொளுத்திவிட்டுப் போனது. ஃபின்மார்க் என்ற இந்த வட மாகாணம் முழுக்க அப்படித்தான். ஹொன்னிங்ஸ்வோக்கில் மிஞ்சிய ஒரே கட்டடம் இது. ஊருக்குத் திரும்பி வந்த ஜனங்கள் இதற்குள்தான் தங்கினார்கள்.

துறைமுகத்துக்குப் பின்னால் மரச் சட்டங்களில் காட் மீனை வாலோடு வால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உப்பே போடுவதில்லை, குளிர்காற்றே காய வைத்துவிடுகிறது. இன்னொரு சட்டத்தில் தலைகள் மட்டும். அவை நைஜீரியாவுக்குப் போகுமாம். தம்பி கிட்டே போய் மூக்கை வைத்து இழுத்தான். "அக்கா, நம்ம திரேஸ்புரம் வாடை." உண்மைதான். அதே கருவாட்டு வாடை, வெயில் மட்டும் இல்லை.

ரொட்டி வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனோம். நாங்கள் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது கேட்டுப் பின்னாலிருந்து ஒரு குரல்: "தமிழோ பிள்ளையள்? எங்கயிருந்து வாறியள்?"

அறுபது வயதுக்கு மேல் இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்தொன்பதில் ஃபின்மார்க்குக்கு வந்து மீன் பதப்படுத்தும் ஆலையில் சேர்ந்தவர். உள்ளூர்ப் பிள்ளைகள் தெற்கே போய்விட, இந்தக் கரையோர ஆலைகளில் கத்தி பிடித்து மீன் அறுத்தவர்களில் நிறையப் பேர் ஈழத்தமிழர்கள். பிறகு பெரும்பாலானோர் ஒஸ்லோ பக்கம் போய்விட்டார்கள், இவர் போகவில்லை.

"ஐயா, நாளைக்கு ரோடு திறக்குமா?" என்று கேட்டேன்.

"பொறுங்கோ பிள்ளை, ஒருக்கா கேட்டுச் சொல்லுறன்" என்று ஃபோனை எடுத்து 175 அடித்தார். சாலைத் தகவலுக்கான எண் அது. நோர்வே மொழியில் மளமளவென்று பேசிவிட்டு வைத்தார். "இரவைக்குக் காத்துக் குறையுமாம். காலமை திறக்கக்கூடும் எண்டு சொல்லுறாங்கள். எண்டாலும் எழும்பின உடன இன்னொருக்கா எடுத்துக் கேளுங்கோ. இஞ்சத்தைக் காத்து ஒருத்தற்ற சொல்லும் கேக்காது." பிறகு தம்பியின் ஷூவைப் பார்த்தார். "தம்பி, இது சரிவராது. கம்பளிச் சொக்ஸ் ரெண்டு சோடி போடும்." எங்களோடு நின்று தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இரண்டு நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த வழிகாட்டல் அதுதான், காசு கொடுத்து வாங்கியதும் சேர்த்து.

செவ்வாய்க்கிழமை ரோடு திறந்தது.

பஸ்ஸில் பதினெட்டுப் பேர். தடுப்புக் கட்டை முன்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. பனி வண்டிக்காரர் இறங்கி வந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார்: டயர், எரிபொருள், உள்ளே எத்தனை பேர், கதகதப்பான உடை இருக்கிறதா. எந்த வண்டி எதற்குப் பின்னால் என்று அவரே முடிவு செய்தார். எங்கள் வழிகாட்டிப் பெண் சொன்னார்: முன் வண்டியின் சிவப்பு விளக்கு கண்ணில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் நின்ற இடத்திலேயே இருக்க வேண்டும், யாரும் கீழே இறங்கக் கூடாது.

பதினொரு மணிக்குக் கட்டை தூக்கினார்கள். முதல் ஐந்து நிமிடம் சாதாரணமாகத்தான் இருந்தது. மேட்டுநிலத்துக்கு ஏறியதும் காற்று குறுக்கே வந்தது. தரையில் கிடந்த பனி புகை மாதிரி எழுந்து ரோட்டைக் கடந்து ஓடுகிறது. வானம் எது, மலை எது, ரோடு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருபுறமும் நட்ட குச்சிகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள்ளிருந்து முளைத்து, பக்கத்தில் வந்து, மறைகின்றன. முன்னால் பனி வண்டியின் மஞ்சள் விளக்கு சுழல்கிறது. சில நொடி அதுவும் காணாமல் போகிறது. பஸ்ஸே அமைதியாகிவிட்டது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். ஐந்தாம் வகுப்புக்கு அப்புறம் அவன் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

இந்தப் பதின்மூன்று கிலோமீட்டருக்காகவே குளிர்காலத்தில் வர வேண்டும் என்பேன். மே 14 முதல் ஜூலை 29 வரை இங்கே சூரியன் மறையாது. அப்போது கப்பல் கப்பலாகக் கூட்டம் வரும். வரட்டும். எனக்கு மார்ச்தான்.

இறங்கியதும் காற்று ஒரு அறை விட்டது. பார்வையாளர்களுக்கான கண்ணாடிக் கட்டடத்தைத் தாண்டி நேராகப் பாறை விளிம்புக்கு நடந்தோம். 1978இல் வைத்த இரும்பு உலக உருண்டை, படத்தில் பார்த்ததுதான். ஆனால் படத்தில் சத்தம் கிடையாது. அதன் கம்பிகளுக்கிடையே காற்று புகுந்து ஊதுகிற ஒலி, சங்கை மெதுவாக ஊதுவது போல, நிற்கவே இல்லை. விளிம்பில் இருந்த கைப்பிடிக் கம்பியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். அதன் மேல் வெண்பனி மீன் முள் மாதிரி அடுக்கடுக்காக வளர்ந்திருந்தது, எல்லாம் காற்று வரும் திசையை நோக்கி. காற்று போகும் பக்கம் சாய்ந்துதானே வளரும் என்று நினைத்திருந்தேன். இல்லை, காற்றை எதிர்த்துத்தான் வளர்கிறது. காற்றிலிருக்கும் நீர்த்துளிகள் முதலில் மோதுகிற பக்கமே உறைவதால் அப்படி. ஒரு முள்ளை உடைத்துப் பார்த்தேன், "டிக்" என்று ஒடிந்தது.

கீழே எட்டிப் பார்த்தால் பனிப் புகை, அது விலகும்போது கறுப்புக் கடல். 1943 டிசம்பர் 26 அன்று இதற்கு வடக்கே ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கியது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேரில் உயிரோடு எடுக்கப்பட்டவர்கள் 36 பேர். இந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு அந்த எண்ணை வெறும் எண்ணாகப் படிக்க முடியவில்லை.

இது ஐரோப்பாவின் வட முனை என்று எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கிறது. சரியில்லை. விளிம்பில் நின்று மேற்கே பார்த்தால் தாழ்வான நாக்கு போல ஒரு நிலம் கடலுக்குள் நீள்கிறது. அதன் பெயர் க்னீவ்ஷெலொட்டன். அது இதைவிட ஒன்றரை கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது! கோடையில் ஒன்பது கிலோமீட்டர் நடந்தால் போகலாம். போதாததற்கு இரண்டுமே தீவில் இருப்பவை. ஐரோப்பாவின் நிலப்பரப்போடு ஒட்டிய வட முனை கிழக்கே இருக்கும் கின்னாரொட்டன். தம்பிக்கு இதைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. 1553இல் வடகிழக்கு வழி தேடி வந்த ஆங்கிலக் கப்பல்காரர்கள் இந்தப் பாறையைப் பார்த்து வடமுனை என்று பெயர் வைத்தார்கள். தூரத்துக் கப்பலிலிருந்து கண்ணில் படுவது உயரமானதுதானே. எனக்கு அதனால் ஒரு குறையும் தெரியவில்லை. பலகையில் மட்டும் உண்மையை எழுதலாம்.

இனி என் முக்கியமான புகார். திரும்பும் கான்வாய் 12:45க்கு. எங்களுக்குக் கிடைத்தது மொத்தம் எழுபத்தைந்து நிமிடம். அதில் எங்களை அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கூப்பிட்டுத் திரைப்படம் பார்க்க உட்கார வைத்தார்கள். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாசலுக்கு வெளியே நிஜம் நின்றுகொண்டிருக்கும்போது எதற்குப் படம்? "ஐந்து மணி நேரச் சுற்றுலா" என்று விளம்பரம் செய்துவிட்டு, விளிம்பில் நிற்கக் கிடைப்பது முக்கால் மணி நேரம் என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். உள்ளே சயாம் மன்னர் சுலலாங்கோர்ன் 1907இல் வந்து போனதற்கு ஒரு சிறிய காட்சியகம் இருக்கிறது; அதை மட்டும் ஓடிப் பார்த்துவிட்டு வாருங்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து பாறையில் தன் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

திரும்பி வந்து துறைமுகத்தில் ஒரு சின்னக் கடையில் மீன் சூப். 229 குரோன். தம்பி பெருக்கத் தொடங்கினான், முதல் கரண்டி வாய்க்குப் போனதும் நிறுத்திவிட்டான். காலையில் வந்த காட் மீன், பெரிய பெரிய துண்டாக, கரண்டி பட்டாலே இதழ் இதழாகப் பிரிகிறது. பாலாடை சேர்த்த சாறு, அடியில் கேரட்டும் லீக் தண்டும், மேலே ஒரு கைப்பிடி வெந்தயக்கீரை மாதிரி பச்சை இலை. மிளகாய் கிடையாது, மசாலா கிடையாது, ஆனால் ஒரு குறையும் தெரியவில்லை. ரொட்டி எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆளுக்கு ஆறு துண்டு சாப்பிட்டோம். ஒஸ்லோவில் இரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறேன், இப்படி ஒரு மீனைச் சாப்பிட்டதில்லை.

சூப் குடிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே காற்று மறுபடி எழும்பியது. கல்லாவில் இருந்த பெண்மணி ஃபோனைப் பார்த்துவிட்டுச் சொன்னார், நாளைக்குக் கான்வாய் இல்லையாம். பக்கத்து மேசையில் அன்றைக்குத்தான் வந்து இறங்கிய ஒரு குடும்பம். அவர்களுக்குப் புதன்கிழமை ஒரு நாள்தான் இருந்தது. தம்பி எழுந்து போய் அந்த 175 எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.