குணமதியார் செய்வித்த திருமேனி

மதுரைக்கு வரும் சொந்தக்காரர்களை மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால் என்று காட்டிக் காட்டி எனக்கே அலுத்துவிட்டது. இந்தத் தடவை லீவுக்கு வந்த தம்பி மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்கே கீழக்குயில்குடிக்குக் கிளம்பிவிட்டேன். தேனி ரோட்டில் போய்த் திரும்பினால் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அதன் பின்னால் சமணர் மலை.

முதலில் செட்டிப்புடவு. குகை வாசலில் பெரிய மகாவீரர் உட்கார்ந்திருக்கிறார். நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். குகைக்கும் அதுவே பெயர். சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம் பேச்சிப்பள்ளம். பாறையில் வெட்டிய படியேறிப் போனால் ஒரு சுனை. அதற்கு மேலே வரிசையாக எட்டுச் சிற்பங்கள். பாம்பு குடை பிடிக்கும் தீர்த்தங்கரர் பார்சுவநாதரையும், காலில் கொடி சுற்றிய சமணத் துறவி பாகுபலியையும் அவளே கண்டுபிடித்தாள். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து.

"இதுல என்ன எழுதியிருக்கு பெரியப்பா?"

படித்துவிட்டுப் போயிருந்ததால் தப்பித்தேன். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது.

"சாமியாரோட அம்மாவா?" என்று கேட்டுவிட்டு, கல்லைத் தொடாமல் எழுத்தின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனாள். சற்றுத் தள்ளி யாரோ பெயின்டில் எழுதிய காதலர் பெயர்களும் இருந்தன. அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

வெயில் ஏறுவதற்குள் இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு, ஊரின் மறுபக்கம், அகழாய்வு நடந்த கீழடிக்கு வண்டியை விட்டோம். மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். ஆனால் சிவகங்கை மாவட்டம். 2023இல் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு மாதிரியே கட்டப்பட்டிருக்கிறது. தங்கம், சூதுபவளம் எல்லாம் இருந்தும் நான் நின்றது பானை ஓடுகளிடம்தான். குவிரன், ஆதன் என்று தமிழி என்கிற இன்னும் பழைய எழுத்தில் கீறிய பெயர்கள். மலையில் பார்த்த வட்டெழுத்துக்குப் பல நூற்றாண்டு முந்தியவை.

அவள் அங்கே நிற்கவே இல்லை. உடைந்த பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகளிடம் போய் ஒட்டிக்கொண்டாள். "பெரியப்பா, இது பாண்டி விளையாடுற சில்லு!"

திரும்பும் வழியில் டீக்கு நிறுத்தினேன். பால் காய்ந்து வருவதற்குள், கடை வாசலில் கிடந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துச் சிமெண்ட் தரையில் கரகரவென்று தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.