பகடி வீட்டில் பாஸ்தியா

பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் இருப்பது தாத்தா பகடி, அதாவது குடியேறும்போது வீட்டுக்காரருக்கு மொத்தமாக ஒரு தொகை, கொடுத்து வாடகைக்கு எடுத்த வீடு. வாடகை மாதம் முந்நூற்றுச் சொச்சம். கீழே கடையில் அரைக் கிலோ காப்பிப்பொடி அதைவிட அதிகம். ஆகவே இது சலுகையை அனுபவிக்கிறவன் பேச்சு.

ஒரு சட்டத்தின் பலனில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம், தெரியாதது நிறைய, இரண்டையும் கணக்கில் எடு என்று 1850இல், தான் இறந்த வருடத்தில், எழுதினார் பிரெஞ்சுப் பொருளாதார எழுத்தாளர் பாஸ்தியா. 1947இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் நிலையிலேயே நிறுத்திவிட்டது. அதில் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் நாங்கள்: குமாஸ்தா சம்பளத்தில் நகரத்துக்கு நடுவில் குடியிருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள். தெரியாதது, வாடகைக்கு விட்டுக் கட்டுப்படியாகாது என்று யாரும் கட்டாமலே விட்ட கட்டடங்கள். அவற்றில் இருந்திருக்கவேண்டியவர்கள்தான் தொலைவிலுள்ள டோம்பிவிலியிலிருந்து ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். என் சித்தி மகனும் அதில் ஒருத்தன்.

அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் ஃப்ரீட்மனும் ஸ்டிக்லரும் 1946இல் இதையே ஒரு சிறு பிரசுரமாக எழுதினார்கள். 1906 பூகம்பத்தில் சான் பிரான்சிஸ்கோவில் பாதிக்குமேல் வீடுகள் அழிந்தும் சில வாரங்களிலேயே பத்திரிகையில் வாடகை வீட்டு விளம்பரங்கள் வந்தன. வாடகைக் கட்டுப்பாடு இருந்த 1946இல் வீடுகள் நின்றன, விளம்பரம்தான் அநேகமாக இல்லை. (ஏற்றத்தாழ்வு குறையவேண்டும் என்று அவர்கள் எழுதிய வரிக்கு, வெளியிட்டவர்களே அடிக்குறிப்பில் மறுப்புப் போட்டார்கள். சுதந்திரச் சந்தைக்காரர்களுக்குள்ளும் வாய்க்கால் தகராறு உண்டு.)

விதைக்காத இடத்தில் அறுக்க ஆசைப்படுகிறவர்கள் என்று நிலச்சொந்தக்காரர்களைச் சாடியவர், சுதந்திரச் சந்தை மரபின் மூத்தவரான ஆடம் ஸ்மித். 1776இல். எங்கள் கட்டடத்தில் அது தலைகீழ். பகடி வீடு கைமாறும்போது வரும் தொகையில் வீட்டுக்காரருக்கு ஒரு பங்குதான்; பெரும்பங்கு குடியிருப்பவருக்கு. அறுக்கிறவர்கள் நாங்கள். பின்கட்டுச் சுவர் ஒழுகுகிறது என்று சொன்னால் வீட்டுக்காரர் பதில் பேசாமல் ரசீதுப் புத்தகத்தை நீட்டுகிறார். அவரை எப்படித் திட்டுவது?

ஆனால் நாளைக்கே கட்டுப்பாட்டை எடுத்தால், பென்ஷனில் வாழும் மாடி வீட்டு மாமி எங்கே போவார்? மகாராஷ்டிராவின் 1999 வாடகைச் சட்டம் வருடத்துக்கு 4 சதவீதம் ஏற்றலாம் என்கிறது. முந்நூறுக்குப் பன்னிரண்டு ரூபாய்! என்னைப் போலச் சம்பளக்காரர்களுக்குச் சந்தை வாடகையை நோக்கிப் படிப்படியாக ஏற்றலாம், மாமியை அவர் காலம்வரை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

அம்மாவிடம் சொன்னேன். "முதல்ல நீ சந்தை வாடகைல ஒரு வீடு பாத்துண்டு போ. அப்புறம் பேசலாம்."