பார்வோவிலிருந்து தேறிய குட்டியைத் தத்து கொடுக்கும் முன்

ஊட்டியில் பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) வந்து பிழைத்த நாய்க்குட்டிக்கு அடுத்த எதிரி குளிர்தான். உடம்புச் சூடு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். 99-க்குக் கீழே போனால் முதலில் கதகதப்பு, பிறகுதான் சாப்பாடு. குளிர்ந்த குட்டிக்குக் குடல் ஓடாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் நகர்ந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும். ஈறு வெளுத்துத் துவண்டு கிடந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். ஈறில் துளி தேன் தடவி உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

வாந்தி நின்றதும் குழைந்த சோறும் தோல் நீக்கி வேகவைத்த கோழியும், இரண்டு ஸ்பூன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. "பாவம், ஒரு வாய் பால்" என்று யாராவது கிண்ணத்தோடு வருவார்கள். விடாதீர்கள், பேதி திரும்பும்.

பார்வோ வைரஸைக் கொல்லப் பினாயிலை நம்ப வேண்டாம். தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, 1 பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச் வீண். குட்டி படுத்திருந்த சாக்கை எரித்துவிடுவதே மேல்.

தேறிய பிறகும் சுமார் 2 வாரம் மலத்தில் வைரஸ் வெளியேறும். அதுவரை தத்து கிடையாது. நாய்களுக்கு வரும் இன்னொரு வைரஸ் நோயான டிஸ்டெம்பருக்கான தடுப்பூசி இன்னும் பாக்கி. கேட்டு வருபவரிடம் முதல் கேள்வி: ராத்திரி எங்கே படுக்கும்? வாசலில் கட்டிப்போடுவேன் என்றால் கொடுக்காதீர்கள். இங்கே சிறுத்தை வாசல் வரை வரும்.