திங்களூருக்குப் போன ஆழாக்கு

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்ததே கிடையாது. "அரிசி நிறைஞ்சிருக்கு" என்று அத்தை சொன்னால் டப்பாவின் அடி தெரிகிறது, கடைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவில்லை. நிறைந்திருக்கிறதே என்று சும்மா இருந்துவிட்டு, மறுநாள் காலை உலை கொதித்த பிறகு பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். விளக்கையும் நாங்கள் அணைப்பதில்லை, குளிர வைப்போம். இருட்டிய பிறகு தோட்டத்தில் எது நெளிந்தாலும் அது பூச்சிதான். பெயரைச் சொல்லிவிட்டால் அத்தைக்குக் கோபம் வரும்.

அரிசி அளக்கும்போது முதல் அளவுக்கு 'ஒன்று' என்று சொல்லக் கூடாது. 'லாபம்' என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் ரெண்டு, மூணு. களத்தில் மரக்கால் போட்டு நெல் அளந்த நாளில் வந்த வழக்கம். இன்று ஐந்து கிலோ பையில் அரிசி வாங்கும் வீட்டிலும் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அந்த அளவை ஒரு பித்தளை ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. அத்தை கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டுச் சீரில் வந்தது. விளிம்பில் ஒரு இடத்தில் நசுங்கல். அடியில் பேர் வெட்டியிருந்தது தேய்ந்து, தடவிப் பார்த்தால் மட்டும் ஓர் எழுத்து விரலுக்குத் தெரியும். அத்தைக்கு இப்போது 82 வயது. பூஜை அறைக்கு நடப்பது குறைந்துவிட்டது, ஆனால் காலையில் அரிசி அளப்பது மட்டும் இன்னும் அவர்தான். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, 'முருகா' என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டு கையை டப்பாவுக்குள் விடுவார். அவர் சாமி கும்பிட்டு நான் அதிகம் பார்த்தது அந்த இடத்தில்தான்.

பேரனுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். முதல் சோறு எங்கே ஊட்டுவது என்று பேச்சு வந்தது. மகளுக்குக் குருவாயூர் போக ஆசை. "அவ்வளவு தூரம் எதுக்கு, திங்களூர் இருக்கே" என்றார் அத்தை. தஞ்சாவூர்ப் பக்கம் குழந்தைக்கு அன்னப்பிராசனம் என்றால் பலர் போவது அங்கேதான். சந்திரனுக்கு உரிய தானியம் நெல், அவன் ஊரில் முதல் கவளம் ஊட்டுவது நல்லது என்பார்கள். ஆனால் அத்தைக்கு அந்த ஊர் சந்திரனுக்காக முக்கியமில்லை. அது அப்பூதியடிகள் வீடு இருந்த ஊர்.

"சந்திரனுக்குப் பச்சரிசி கொண்டுபோகணும். நம்ம வீட்டு ஆழாக்காலதான் அளந்து போடணும்" என்று சொல்லி, துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். பத்திரம் என்று மூன்று தடவை சொன்னார். அந்த மூன்றாவது தடவைதான் தப்பாகிப் போனது என்று நினைக்கிறேன்.

மாசி மாதம், திங்கட்கிழமை. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறும் வரிசையாக வரும். அந்த மாதத்தில் மணல்தான் அதிகம், தண்ணீர் அங்கங்கே. அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சை கட்டியிருந்தது. ஒவ்வொரு பாலத்துக்கும் அத்தை பேரனின் கையைப் பிடித்துக் கும்பிட வைத்தார். மூன்றாவது ஆற்றில் அவன் தூங்கிவிட்டான், கும்பிடு மட்டும் நடந்தது. திருவையாற்றிலிருந்து கும்பகோணம் சாலையில் திருப்பழனம் தாண்டி, உள்ளே திரும்பினால் திங்களூர்.

சின்னக் கோயில். மூலவர் கைலாசநாதர், அம்பாள் பெரியநாயகி, சந்திரனுக்குத் தனிச் சந்நிதி. நவக்கிரகக் கோயில் சுற்றுலா வேன்கள் நான்கைந்து வந்திருந்தன. அவர்களுக்கு அன்றைக்குள் ஒன்பதையும் முடித்தாக வேண்டும், பாவம். சந்திரன் முன் நின்று, வெள்ளைத் துணி சாற்றி, அர்ச்சனைத் தட்டோடு ஓடினார்கள். அவர்கள் கிளம்பியதும் கோயில் எங்களுடையது மாதிரி ஆகிவிட்டது.

அப்பூதியடிகள், அவர் மனைவி, இரண்டு மகன்கள் எல்லோருக்கும் அங்கே சிலை உண்டு. குடும்பமாக நிற்பார்கள். எனக்கு இந்தக் கோயிலில் மிகவும் பிடித்த இடம் அதுதான். அறுபத்து மூவரில் ஒருவர் என்று பார்க்கும்போது வராத நெருக்கம், பெண்டாட்டி பிள்ளையோடு பார்க்கும்போது வருகிறது.

ஏழாம் நூற்றாண்டுக் கதை. அதை நமக்கு விரித்துச் சொன்னவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார். அப்பூதியடிகள் திருநாவுக்கரசரைப் பார்த்ததே இல்லை, கேள்விப்பட்டதுதான். அதற்கே இரண்டு பிள்ளைகளுக்கும் அவர் பெயர்: மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு. ஊருக்கு வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கு அவர் பெயர். அதோடு நிற்கவில்லை. 'அளவைகள் நிறைகோல் மக்கள் ஆவொடு மேதி' என்கிறது பெரிய புராணம். அளக்கிற படி, நிறுக்கிற தராசு, பசு, எருமை வரைக்கும் அதே பெயர்தான். அந்த வீட்டுக் காலை நேரத்தை நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். "திருநாவுக்கரசைக் கறந்தாச்சா?" "திருநாவுக்கரசால ரெண்டு அளந்து போடு." "திருநாவுக்கரசு, தம்பி திருநாவுக்கரசை அடிக்காதே." நாள் முழுக்க வேலை நடக்கும், நாள் முழுக்க நாமமும் நடக்கும், தனியாக ஜபமாலை எதற்கு?

திருப்பழனம் கும்பிட்டு வந்த அப்பர், அதாவது அதே திருநாவுக்கரசர், பந்தலைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலுக்கே வந்து, உங்கள் பெயரை எழுதாமல் வேறொரு பெயரை எழுதியது ஏன் என்று கேட்கிறார். வந்திருப்பவர் யாரென்று தெரியாத அப்பூதியடிகளுக்குக் கோபம் வருகிறது. அது வேறொரு பெயரா என்று பொரிகிறார். அப்பர் தன்னைப் பற்றிச் சொல்லும் பதில் ரொம்பச் சின்னது. சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்ட சிறியவன் நான், அவ்வளவுதான். வீடு அமளிப்படுகிறது. சமையல் நடக்கிறது. மூத்த பையன் வாழைக் குருத்து அரியக் கொல்லைக்குப் போகிறான், பாம்பு தீண்டுகிறது. விருந்து தடைப்படக் கூடாதென்று ஓடிவந்து இலையை அம்மா கையில் கொடுத்துவிட்டு விழுகிறான். பெற்றவர்கள் உடலைப் பாயில் சுற்றி மறைத்து வைத்துவிட்டு, அமுது செய்ய வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் திருநீறு கொடுக்கும் அப்பர், மூத்தவன் எங்கே என்று கேட்கிறார்.

"இப்போது இங்கு அவன் உதவான்" என்கிறார் அப்பா.

இந்தக் கதையை நான் முழு மனதோடு கேட்டதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளையைப் பாயில் சுற்றிவிட்டு இலை போடுவது எனக்கு முடியாது. அதைப் பக்தி என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. பதிகம் பாடி அப்பர் பையனை எழுப்பிய பிறகும், இவனால் அடியார் சாப்பாடு தாமதமானதே என்று பெற்றோர் நொந்தார்கள் என்று வரும் இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கும் சிலைகள் முன் நின்று அத்தையிடம் இதைச் சொன்னேன்.

அவர் வாதாடவில்லை. "அந்த அம்மா அழுதிருப்பாம்மா. எழுதினவர் ஆம்பளை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பொய் சொல்லத் தெரியல பாரு அந்த மனுஷனுக்கு. செத்துட்டான்னும் வாயில வரல, இருக்கான்னும் வரல. உதவான்னு சொல்றார். நம்ம வீட்ல அரிசி நிறைஞ்சிருக்குன்னு சொல்ற மாதிரி."

முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்ட கதையில் எனக்கு இது தோன்றவே இல்லை. கேடான சொல்லை வாயில் வைக்காமல் பழகிய வீட்டுக்காரர், உயிர் போகும் துக்கத்திலும் வீட்டுப் பேச்சில்தான் பேசியிருக்கிறார். அவ்வளவு பெரிய புராணத்தில் அந்த வரி மட்டும் அடுக்களைக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது.

குருக்கள் கூப்பிட்டார். பெயர், நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை ஆனது. அத்தை ஆழாக்கால் பச்சரிசி அளந்து போட்டார்: லாபம், ரெண்டு, மூணு. மாப்பிள்ளை கைபேசியில் படம் எடுக்கத் தயாராக நின்றார். வீட்டிலிருந்து குழைய வேகவைத்துக் கொண்டுபோன சோற்றில் நெய்யும் வெல்லமும் பிசைந்திருந்தோம். கதாநாயகன் வாயைத் திறக்கவில்லை. உதடு இரண்டையும் உள்ளே மடித்துக்கொண்டான். தாத்தா குருவி மாதிரி கத்திப் பார்த்தார், அசையவில்லை. ஒரு பருக்கையை மகள் உதட்டில் வைத்ததும் அதை நாக்கால் தள்ளி வெளியே அனுப்பினான். படம் எடுத்தது அதைத்தான்.

அத்தை அவனை மடியில் வாங்கிக்கொண்டார். சுண்டுவிரலைப் பிடித்து, 'ஒன்று கொலாம் அவர் சிந்தை உயர்வரை, ஒன்று கொலாம் உயரும் மதி சூடுவர்' என்று மெல்ல ஆரம்பித்தார். அப்பர் இங்கே விஷம் தீரப் பாடிய பதிகம் அது. முதல் பாட்டில் நாலு வரியும் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அப்படியே பத்து வரைக்கும் எண்ணிக்கொண்டு போகும். பத்துப் பாட்டு, பத்து விரல். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விரலை மடக்கினார். சிறு வயதில் ஊர் ஓதுவார் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாராம். நாலாவது விரலில் பையன் கையை மறந்து கொள்ளுப்பாட்டியின் வாயையே பார்த்தான். அவன் வாயும் தானாகத் திறந்தது. மகள் சட்டென்று வைத்துவிட்டாள். என்ன நடந்தது என்று யோசித்து, கண்ணைச் சுருக்கி, விழுங்கினான். பத்தாவது விரலுக்குள் ஏழெட்டுப் பருக்கை போயிருக்கும். அப்புறம் கிண்ணத்திலேயே கை வைத்துவிட்டான்.

குழாயடியில் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு கிளம்பினோம். திருப்பழனத்தில் ஆபத்சகாயேசுவரரைத் தரிசிக்காமல் போக முடியுமா? அங்கே பாடிய பதிகத்தில்தான் அப்பர் 'அழல் ஓம்பும் அப்பூதி' என்று பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். இவர் அவர் பெயரைப் படிக்கும் தராசுக்கும் வைத்தார். அவர் இவர் பெயரைத் தேவாரத்தில் வைத்தார். கோயிலில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. தரிசனம் முடிந்து, கார் நிழலில் உட்கார்ந்து புளியோதரைப் பாத்திரத்தைத் திறக்கும்போதுதான் பையில் அந்தத் துணி மட்டும் இருப்பதைப் பார்த்தேன். ஆழாக்கு இல்லை.

மகளிடம் கண்ணைக் காட்டினேன். இருவரும் சத்தமில்லாமல் எல்லாப் பையையும் தேடினோம். டிக்கியில் மாப்பிள்ளை தேடினார். என் கணவர் நிலைமை புரிந்ததும், பொறுப்பான மகனாகக் கோபுரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

"ஆழாக்கை எடுத்து வச்சியாம்மா?" என்றார் அத்தை, இலையிலிருந்து தலை தூக்காமல்.

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. "அது இப்போ இங்க உதவாது அத்தை" என்றேன்.

கை அப்படியே நின்றது. நான் மகளைப் பார்த்தேன், மகள் தரையைப் பார்த்தாள். அப்புறம் அத்தையின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. பல் இல்லாத வாய் முழுக்கச் சிரிப்பு, புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. "தொலைச்சிட்டு வந்து எனக்கே புராணம் சொல்றியா?" என்றார். "வண்டியைத் திருப்பச் சொல்லு."

திங்களூர் குழாயடியில் ஒன்றும் இல்லை. உள்ளே கேட்டோம், குருக்களுக்கும் தெரியவில்லை. வெளியே வந்தால், வாசலில் பூ விற்கும் அம்மா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். கூடையில் மல்லிகை மொட்டுக்கு நடுவே எங்கள் ஆழாக்கு, நசுங்கிய விளிம்பு மேலே தெரிய நின்றது.

"குழாயடியில கெடந்துச்சு. குழந்தைக்குச் சோறூட்ட வந்தவங்கதானே? வருவீங்கன்னு எடுத்து வச்சேன். ரெண்டு பேருக்கு இதாலதான் அளந்து குடுத்தேன், தப்பா எடுத்துக்காதீங்க."

நான் பணம் எடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அத்தை கார் ஜன்னலைக் கீழே இறக்கச் சொல்லி, தலையை வெளியே நீட்டினார்.

"எங்களுக்கும் அதாலயே ரெண்டு அளந்து போடுங்க."

அந்த அம்மா ஆழாக்கை மொட்டுக்குள் அமுக்கி, குவித்து எடுத்து, ஒரு கையால் அணைத்தபடி இலையில் கவிழ்த்தார்.

"லாபம்" என்றார். "ரெண்டு."

பொட்டலம் அத்தை மடிக்கு வந்ததும் பேரன் அதற்குள் கையை விட்டு ஒரு மொட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். சோற்றுக்குத் திறக்காத வாய்! மகள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். திருவையாறு வரைக்கும் அவனுடைய அழுகைதான்.