ஒற்றை டர்போவுக்கு மாறினேன்

என் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி, ரோட்டரி எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார், இரட்டை டர்போவோடு (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுபவை) வந்தது. சாலையில் ஓட்ட அருமை. ஆனால் டிரிஃப்டில், அதாவது பின்சக்கரங்களை வழுக்கவிட்டு வளைவில் ஓட்டும்போது, பாதி ஸ்டீயரிங் ஆக்சிலரேட்டர்தான். 4,500 ஆர்பிஎம் அருகே இரண்டாவது டர்போ சேரும்போது பவர் ஒரு கணம் தொய்ந்து, சட்டென்று தூக்கும். வளைவின் நடுவே அது வேண்டவே வேண்டாம்.

சரி, ஒரே டர்போ. எவ்வளவு பெரியது? போர்க்வார்னர் நிறுவனத்தின் பெரிய டர்போ இஎஃப்ஆர் 9180 ரொம்பவே ஆசை காட்டியது. உச்ச பவரைவிடச் சீராக ஏறும் பூஸ்ட்தான் (டர்போ தரும் காற்றழுத்தம்) எனக்கு முக்கியம் என்பதால் அதைவிடச் சிறிய 8374 எடுத்தேன். டைட்டானியம் அலுமினைடு டர்பைன் சக்கரம். எடை குறைவு, காலை எடுத்து மறுபடி மிதித்தாலும் உடனே சுழல்கிறது. இரண்டு ரோட்டர்களின் (இந்த எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழல்பவை) புகையும் கலக்காமல் டர்போவுக்குப் போக, பிரித்த மேனிஃபோல்டு (புகைக்குழாய்).

அப்புறம், பூஸ்டை 1 பாருக்கு மேல் விடுவதில்லை. ரோட்டரின் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் உடைய ஒரு நாக் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) போதும்.